போட்டோ முதலில் யார் ஊருக்குப் போகணும்?

ஊர் சுற்றும் புகைப்படக் கண்காட்சிகளுக்கு ஒரு பாதை இருக்கிறது. முதலில் பெரிய நகரத்து மியூசியம், அப்புறம் ரெண்டு மூணு பல்கலைக்கழகம். எல்லாம் முடிந்து காசு மிச்சம் இருந்தால் படத்தில் இருக்கிறவர்களின் ஊர். அந்தக் கடைசி நிறுத்தத்துக்கு 'சமூகத்தோடு பகிர்தல்' என்று பெயர் வேறு! தானம் கொடுக்கிற மாதிரி.

அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களின் படங்களுக்கு இந்தப் பாதை ரொம்பவே தப்பு. ஏன் என்று தெரிய அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட கதையைப் பார்த்தால் போதும்.

1904ல் எட்வர்ட் கர்டிஸ் எடுத்த புகழ்பெற்ற படம். சில நவஹோக்கள் குதிரையில், முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டை நோக்கிப் போகிறார்கள். அவர் வைத்த தலைப்பு 'மறைந்துகொண்டிருக்கும் இனம்'. அந்த இனம் மறையவில்லை. 2021ல் நவஹோ தேசத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டும் 4 லட்சத்தை நெருங்கினார்கள். குதிரையில் போனவர்கள் யார் என்று மட்டும் தலைப்பில் இல்லை.

அடுத்து மில்டன் ஸ்னோ. இவர் கதைதான் முக்கியம். 1930களில் அமெரிக்க அரசு ஒரு முடிவுக்கு வந்தது: நவஹோக்களிடம் ஆடு அதிகம், மேய்ச்சலில் மண் அரிக்கிறது, வண்டல் போய் ஹூவர் அணையில் சேரும், அதனால் ஆடுகளைக் குறைக்க வேண்டும். மந்தை மந்தையாக விற்க வைத்தார்கள், பல இடங்களில் சுட்டே கொன்றார்கள். ஆடு என்றால் அங்கே சாப்பாடு, நெசவுக்குக் கம்பளி, அதிலும் பெண்களின் சொந்தச் சொத்து. இந்தத் திட்டம் நடக்கும்போதே, 1937ல், அரசு ஸ்னோவைச் சம்பளத்துக்கு வைத்துப் படம் எடுக்கச் சொன்னது. அரித்துப்போன நிலம், கால்நடைகள், புதுப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி... அரசு சொல்ல நினைத்ததற்குச் சாட்சிகள். வாஷிங்டன் அதிகாரி அந்தப் படத்தில் பார்த்தது மண் அரிப்பு. ஒரு பேத்தி பார்த்தால் அது பாட்டியின் கடைசி மந்தையாக இருக்கலாம். நெகடிவ் ஒன்றுதான்! ஸ்னோவின் நெகடிவ்கள் இன்று விண்டோ ராக்கில் உள்ள நவஹோ தேச மியூசியத்தில் இருக்கின்றன என்பது ஒரு ஆறுதல். அங்கே உட்கார்ந்து பெயர் கேட்டு எழுதாத விளக்க அட்டை, அரசு எழுதிய அட்டையின் நகலாகத்தான் இருக்கும்.

"எல்லாரும் கர்டிஸ் மாதிரியா? பிரியமாக எடுத்தவர்களும் உண்டே" என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. லாரா கில்பின் பல வருஷம் அந்த மக்களோடு பழகி, 1968ல் நவஹோக்கள் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். ஆனால் 1932ல் அவர் எடுத்த தாயும் குழந்தையும் படத்துக்கு வந்த பெயர் 'நவஹோ மடோனா'. அந்தத் தாய்க்குச் சொந்தப் பெயர் இல்லையா என்ன? 1980களில் அந்தப் படத்தைப் பயன்படுத்தியதை எதிர்த்து அந்தக் குடும்பம் கோர்ட்டுக்கே போனது. கில்பினின் படங்கள் 1979ல் அவர் இறந்த பிறகு சேர்ந்த இடம் டெக்சாஸ் மாநிலத்து மியூசியம். பிரியம் வேறு, உரிமை வேறு.

அடுத்த சாக்கு பாதுகாப்பு. பழைய படம், வெளிச்சம் ஆகாது, அங்கே வசதி பத்தாது, வந்து பார்க்கிற கூட்டமும் கம்மி... 1864ல் ராணுவம் நவஹோக்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்து ஃபோர்ட் சம்னரில் அடைத்தது. அவர்களை ஊர் திரும்ப விட்டது 1868 ஒப்பந்தம். அந்த அசல் காகிதம், 150 வயசான காகிதம், 2018ல் வாஷிங்டனிலிருந்து விண்டோ ராக்குக்கு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒப்பந்தமே வரலாம், பிரிண்ட் போடக்கூடிய போட்டோ வரக்கூடாதா?

முதலில் அங்கே போக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு. சடங்குகளைப் படம் எடுப்பதையே அங்கே பலர் ஏற்பதில்லை, இறந்தவர்களைப் பற்றிப் பேசுவதிலும் தயக்கம் உண்டு. போஸ்டர் அடித்து நாலு ஊர் காட்டிவிட்டு வந்து "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்?

வில் வில்சன் என்ற நவஹோ கலைஞர் 2012ல் சாண்டா ஃபேயில் ஒரு வேலை தொடங்கினார். கர்டிஸ் காலத்துக்கும் முந்தைய முறையில், தகடில் ரசாயனம் பூசி, எதிரில் உட்கார்ந்தவரை அவர் விரும்பியபடி படம் எடுப்பது. எடுத்து முடித்ததும் அந்த அசல் தகட்டை உட்கார்ந்தவர் கையில் கொடுத்துவிடுகிறார். சம்மதம் வாங்கிக்கொண்டு ஒரு ஸ்கேன் மட்டும் தான் வைத்துக்கொள்கிறார். கண்காட்சிக்குப் போவது அந்த ஸ்கேன்தான்.