கண்டதும் பிடித்ததும்

தமிழில் 'கண்டுபிடிப்பு' என்னும் ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நியூட்டன் ஈர்ப்பு விதியை அறிந்து சொன்னதும் கண்டுபிடிப்பு. கிரகாம் பெல் தொலைபேசியைச் செய்ததும் கண்டுபிடிப்பு. முன்னது ஏற்கனவே இருந்த ஒன்றைக் காண்பது. பின்னது இல்லாத ஒன்றை ஆக்குவது. அன்றாடப் பேச்சில் இந்த மயக்கத்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் காப்புரிமைச் சட்டம் இந்த வேறுபாட்டின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. ஆக்கியவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஏகபோக உரிமை. கண்டவருக்குப் புகழ் மட்டும்.

மரபணுக்களும் புரதங்களும் மருந்துச் சந்தைக்கு வந்தபோது இந்தக் கோடு கலைந்தது. ஒரு புரதம் நம் குருதியில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பது. அதை எவரும் ஆக்கவில்லை. என்றாலும் அதைத் தனியே பிரித்தெடுத்து, அமைப்பை அறிந்து, ஆலையில் பெருக்கி, ஊசிமருந்தாக நோயாளியிடம் கொண்டுவந்து சேர்ப்பது எளிய காரியமல்ல. இது காண்பதா, ஆக்குவதா? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்கள் இக்கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அவசியமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு என்பதே என் கருத்து. அந்தப் புரதம் யாருடைய உடலிலிருந்து வந்தது?

எரித்ரோபொயட்டின் என்னும் புரதத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். சிவப்பணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளையிடும் புரதம் இது. பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இதுவும் குறைந்து நோயாளி கடும் இரத்தசோகைக்கு ஆளாகிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் கோல்ட்வாசர் 1950களின் நடுவில் இதைத் தேடத் தொடங்கினார். சில மாதங்களில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. உடலில் இப்புரதம் அத்தனை சொற்பமாகவே இருக்கிறது.

வழி ஜப்பானிலிருந்து பிறந்தது. எலும்பு மஜ்ஜை செயலற்றுப்போகும் ஒருவகை இரத்தசோகை உள்ளவர்களின் சிறுநீரில் இப்புரதம் மிகுதியாக வெளியேறும். தக்காஜி மியாகே என்னும் ஆய்வாளர் குமாமோத்தோ பகுதியிலிருந்த அத்தகைய நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, வற்றவைத்து, உலர்ந்த பொருளாகச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து 1977-இல் சில மில்லிகிராம் தூய புரதம் கிடைத்தது. கோல்ட்வாசர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. தம்மிடமிருந்த அரிய புரதத்தை, 1980-இல் தொடங்கப்பட்டிருந்த ஆம்ஜென் என்னும் சிறு நிறுவனத்தோடு பகிர்ந்துகொண்டார். அங்கே ஃபூ-குவன் லின் 1983-இல் அதற்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார். 1987-இல் ஆம்ஜென் அந்த டி.என்.ஏ. வரிசைக்கே காப்புரிமை பெற்றது. 1989-இல் மருந்து விற்பனைக்கு வந்தது. போட்டி நிறுவனங்கள் மீது ஆம்ஜென் தொடுத்த வழக்கில் 1991-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆம்ஜென் பக்கம் தீர்ப்பளித்தது. உயிர்த்தொழில்நுட்ப வரலாற்றில் மிகுதியாக விற்பனையான மருந்துகளுள் ஒன்றாக அது ஆயிற்று. அதற்கு நிகரான வேறொரு நிறுவனத்தின் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2018-இல்தான்.

ஆம்ஜென் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முன் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்கள் மீண்டும் மீண்டும் இரத்தம் ஏற்றிக்கொண்டு, அதனால் வரும் தொற்றுக்கும் உடலில் சேரும் இரும்புச்சத்துக்கும் அஞ்சி வாழ்ந்தார்கள். சில மில்லிகிராம் புரதத்தை வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கானோருக்கு ஊசிபோட முடியாது. மரபணுவை வெள்ளெலியின் உயிரணுக்களுக்குள் புகுத்தி, அவற்றை ஆலையில் வளர்த்து, புரதத்தைச் சுரக்கவைத்து, தூய்மைப்படுத்தியது மெய்யான ஆக்கம். முதலீட்டாளர்கள் பணம் போட்டதும் காப்புரிமையை நம்பித்தான். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று உறுத்துகிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பெயர் இருக்கிறது: கோல்ட்வாசர், மியாகே, லின், ஆம்ஜென். முதல் கண்ணிக்கு மட்டும் பெயரில்லை. நோயுற்ற நிலையில் நாள்தோறும் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்த அந்தக் குமாமோத்தோவாசிகள் யாரென்று சொல்லும்படி எந்தக் காப்புரிமைச் சட்டமும் கேட்பதில்லை.

அது அறியாமல் கொடுத்த கொடை, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அறிந்தே, ஒரு நோக்கத்தோடு கொடுத்தவர்களுக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது.

கனவான் நோய் என்று ஒன்று. பிறந்த சில மாதங்களில் குழந்தையின் மூளையைத் தாக்கி, பெரும்பாலும் இளமையிலேயே உயிரைப் பறிப்பது. ஐரோப்பிய வழி யூதர்களிடையே கூடுதலாகக் காணப்படுவது. இந்நோய்க்குக் குழந்தைகளைப் பறிகொடுத்த சில அமெரிக்கக் குடும்பங்கள் 1980களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வாளரை நாடின. குருதியும் சிறுநீரும் கொடுத்தன, இறந்த குழந்தைகளின் திசுக்களைக் கொடுத்தன, பணம் திரட்டின, உலகெங்கும் உள்ள பிற குடும்பங்களைத் தேடிச் சேர்த்தன. 1993-இல் மரபணு அகப்பட்டது. கருவிலேயே நோயை அறியும் பரிசோதனைக்கு வழி திறந்தது. தங்களுக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேராது என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

ஆய்வு நடந்த மயாமி குழந்தைகள் மருத்துவமனை 1997-இல் அந்த மரபணுவுக்குக் காப்புரிமை பெற்றது. அதன்பின் அந்தப் பரிசோதனையைச் செய்யும் ஆய்வகங்களிடம் உரிமத்தொகை கேட்டது. பரிசோதனையை மலிவாக, எல்லோருக்கும் எட்டும்படி நடத்த விரும்பிய குடும்பங்களும் அமைப்புகளும் 2000-இல் வழக்குத் தொடுத்தன. 2003-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களின் பெரும்பாலான வாதங்களைத் தள்ளிவிட்டது. கொடுத்த திசுவின் மீது கொடுத்தவருக்குச் சொத்துரிமை இல்லை. அதிலிருந்து கிடைத்த அறிவின் மீதும் இல்லை. மருத்துவமனை நியாயமற்ற ஆதாயம் அடைந்ததா என்ற ஒரு கேள்வியை மட்டும் விசாரிக்கலாம் என்றது. பிறகு இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன. குணப்படுத்தும் ஆய்வுகளுக்கு மரபணு திறந்துவிடப்பட்டது. பரிசோதனைக்கான உரிமத்தொகை தொடர்ந்தது.

இத்தீர்ப்பில் சட்டப் பிழை இல்லாமலிருக்கலாம். 1990-இலேயே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், சிகிச்சைக்காக எடுக்கப்பட்ட மண்ணீரலிலிருந்து உருவான உயிரணுக்களின் மீது ஜான் மூர் என்பவருக்குச் சொத்துரிமை இல்லை என்று கூறியிருந்தது. வணிக நோக்கத்தை நோயாளியிடம் முன்பே சொல்லியிருக்கவேண்டும் என்பது மட்டுமே அவருக்குச் சாதகமாகக் கிடைத்தது. மனித உடல் விற்பனைப் பொருளாகக் கூடாது என்ற கவலை இதன் பின்னால் இருக்கிறது. நல்ல கவலைதான். ஆனால் அது ஒரு பக்கத்தை மட்டுமே கட்டுகிறது. கொடுப்பவரிடம், உடல் சந்தைச் சரக்கல்ல என்கிறோம். வாங்கியவர் அதே உடலின் துணுக்கைச் சொத்தாக்கிப் பதிவுசெய்கிறார். கொடைக்கு ஒரு நீதி, கொள்முதலுக்கு ஒரு நீதி.

மிரியட் வழக்கை இதற்கெல்லாம் தீர்வு என்று சொல்வோர் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கும் சினையகப் புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் காப்புரிமைகள் மிரியட் ஜெனடிக்ஸ் நிறுவனத்தின் வசம் இருந்தன. முழுப் பரிசோதனைக்கு 3,000 டாலருக்கும் மேல் வாங்கியது; வேறெவரும் செய்ய இயலாதபடி தடுத்தது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அமெரிக்கக் காப்புரிமைகளில் இடம்பெற்றிருப்பதாக 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது என்றால் அன்றைய நிலையை ஊகிக்கலாம். 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வை உடலிலிருந்து பிரித்தெடுத்ததாலேயே அது ஆக்கமாகிவிடாது. ஆய்வகத்தில் நகலெடுத்து உருவாக்கும் சி.டி.என்.ஏ.வுக்கு மட்டும் உரிமை கோரலாம். சில நாட்களுக்குள் வேறு ஆய்வகங்கள் அப்பரிசோதனையைக் குறைந்த விலைக்கு அறிவித்தன.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அத்தீர்ப்பு காண்பதற்கும் ஆக்குவதற்கும் நடுவிலுள்ள கோட்டைத்தான் மீண்டும் வரைந்தது. கொடுத்தவரைப் பற்றி அது பேசவில்லை. அதன் விளைவு உடனே தெரிந்தது. மரபணுவின் எந்தப் பிறழ்வு ஆபத்தானது, எது தீங்கற்றது என்பதை ஆயிரமாயிரம் நோயாளிகளின் முடிவுகளை ஒப்பிட்டே அறிய முடியும். அந்தத் தொகுப்பை மிரியட் பொதுத் தரவுத்தளங்களோடு பகிர்வதை முன்னரே நிறுத்தியிருந்தது. காப்புரிமை போன பின்பும் அது வணிக இரகசியமாகவே இருந்தது. கடைசியில் மருத்துவர்களும் நோயாளிகளும் தங்களிடமிருந்த பரிசோதனை அறிக்கைகளைத் தாமே பொதுவில் சேர்க்கத் தொடங்கினார்கள். தம் உடலைப் பற்றிய செய்தியைத் தாமே மீண்டும் ஒருமுறை தானம் செய்யவேண்டியிருந்தது. ஐரோப்பாவிலோ 1998-ஆம் ஆண்டின் ஆணை, பிரித்தெடுத்த மரபணுவுக்குக் காப்புரிமை பெற இன்றும் இடமளிக்கிறது.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் ஷாரன் டெரி, பேட்ரிக் டெரி தம்பதியின் இரு குழந்தைகளுக்கும் தோலையும் கண்ணையும் பாதிக்கும் பி.எக்ஸ்.இ. என்னும் நோய் இருப்பது 1994-இல் தெரிந்தது. இருவரும் அறிவியல் படித்தவர்கள் அல்லர். ஓர் ஆய்வுக்குழு வந்து குழந்தைகளின் இரத்தத்தை எடுத்துச்சென்றது. சில நாட்களில் இன்னொரு குழு வந்து மீண்டும் கேட்டது. ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. இருவரும் நோயாளிகளின் அமைப்பொன்றை நிறுவி, இரத்தத்தையும் திசுவையும் தாங்களே சேமித்தார்கள். உரிமையில் அமைப்புக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட ஆய்வாளர்களுக்கே அவற்றைக் கொடுத்தார்கள். 2000-இல் மரபணு கண்டறியப்பட்டது. கண்டறிந்தோர் வரிசையில் ஷாரன் டெரியின் பெயரும் உண்டு; காப்புரிமை அந்த அமைப்பின் கைக்கு வந்தது.

இதுவும் காப்புரிமைதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் வேலி போடுவதிலும் இரண்டு வகை உண்டு. பிறரைத் தடுக்கப் போடுவது ஒன்று, பிறர் வளைத்துப்போடாமல் காக்கப் போடுவது ஒன்று. 1923-இல் பான்ட்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் இன்சுலின் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது இந்த இரண்டாம் வகை. கருவியில் குற்றமில்லை, யார் கையில், எதற்காக என்பதுதான் கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் ஒருவகையில் தெளிவானது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு, இயற்கையில் உள்ள உயிருள்ள, உயிரற்ற பொருளைக் கண்டறிவதை ஆக்கமாக ஏற்பதில்லை. இயற்கையிலிருந்து நேரே பிரித்தெடுத்த மரபணு வரிசைகளும் புரதங்களும் இதில் அடங்கும் என்று காப்புரிமை அலுவலகத்தின் 2013-ஆம் ஆண்டு நெறிமுறைகள் விளக்குகின்றன. ஆனால் கொடுத்தவரைப் பற்றிய மௌனம் இங்கேயும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஒரு மூலிகையை எடுத்து வணிகம் செய்தால் அதைக் காத்துவந்த மக்களுக்குப் பங்கு தரவேண்டும் என்கிறது. அதே சட்டம் தன் வரையறையிலிருந்து மனித மரபணுப் பொருளை விலக்கிவைத்திருக்கிறது. அகத்தியமலையின் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சைச் செடிக்கு 1990களிலேயே பங்கு கிடைத்தது. அவர்கள் தம் குருதியைக் கொடுத்திருந்தால் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

நம் ஊர்களில் ஊருணி வெட்டியவருக்குக் கூலி உண்டு; தூர் வாரியவருக்கும் உண்டு. தண்ணீரைப் பட்டா போட்டுக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. மரபணுவும் புரதமும் அவற்றின் பொருளும் அந்தத் தண்ணீர். அவற்றை மருந்தாக்கும் வழிமுறைக்கு உரிய காலம்வரை உரிமை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கூடவே, உடலின் துணுக்கைப் பெறும்போதே அதன்மீது உரிமை கோரப்படுமா, யாருக்குப் பங்கு, மருந்தின் விலையில் என்ன வரம்பு என்பதை எழுத்தில் சொல்லும் கடமை சட்டமாக வேண்டும். ஓர் ஆளுக்குப் பணம் தரும் ஏற்பாடாக அது இருக்கவேண்டிய அவசியமில்லை. கனவான் குடும்பங்கள் கேட்டதும் பணமல்ல. பரிசோதனை எல்லோருக்கும் எட்டவேண்டும் என்பதுதான்.

ஜீனோம் இந்தியா திட்டத்தில் நாட்டின் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகை படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. அதிலிருந்து நாளை ஒரு மருந்து பிறக்கலாம், பிறக்கவேண்டும். கண்டவர் பெயரும் ஆக்கியவர் பெயரும் அதன் பத்திரங்களில் தாமாகவே ஏறிவிடும். கொடுத்தவருக்கான வரியை மட்டும் நாம்தான் கேட்டு எழுதவைக்க வேண்டும், மருந்து பிறப்பதற்கு முன்பே.