உணர்வை எண்ணால் அளத்தல்

விளக்கின் ஒளியை அளக்கலாம். அதனைக் காண்பவன் அகத்தே நிகழும் காட்சியை அளக்கலாமா? "அளக்கலாம்" என்று துணிந்தவர் யேர்மனியின் இலைப்சிக் நகரிலே பௌதிகப் பேராசிரியராயிருந்த குஸ்தாவ் பெக்னர். கண்ணோயுற்று நெடுநாள் இருளறையிற் கிடந்து மீண்ட அவருக்கு, 1850ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி காலை, படுக்கையிலிருந்தபோதே அதற்கொரு வழி தோன்றியது. ஒற்றை விளக்கெரியும் அறையில் இன்னொன்றை ஏற்றினால் வேறுபாடு நன்கு புலனாகும். நூறு விளக்கெரியும் மண்டபத்தில் ஏற்றினால் எவரும் கவனியார். தூண்டல் பெருக்கல் விருத்தியில் வளர, உணர்ச்சி கூட்டல் விருத்தியிலேயே வளரும் எனக் கொண்டு, அதனை அவர் மடக்கையாற் குறித்தார். நூல் 1860இல் வெளிவந்தது. பிற்காலத்தில், 1957இல், அமெரிக்கரான ஸ்டீவன்ஸ் அதனை மறுத்து வேறொரு விதி வகுத்தார்.

எவ்விதி சரியென்பது இங்கு எமது வழக்கன்று. தன் உணர்ச்சியைப் பற்றி ஒரு மனிதன் சொன்ன சொல்லே இரண்டுக்கும் ஆதாரம். எண் கைக்கு வந்ததும் அந்தச் சாட்சியை மறந்துவிடுகிறோம்.

இது வெறுந் தத்துவ விசாரமன்று. தலையில் அடிபட்டு, கண் திறந்திருந்தும் அழைத்தாற் குரல் கொடாது கிடக்கும் நோயாளிக்கு நனவு உண்டா? 2013இல் இதற்கொரு கணித வழி வெளியிடப்பட்டது. காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டி, அங்கு எழும் மின்னலைகளைப் பதிந்து, அப்பதிவு எவ்வளவுக்குச் சுருக்கத்தக்கது என்று கணிக்கின்றனர். சுருக்கவியலாத சிக்கல் மிகுந்தால் எண்ணும் உயரும். 2016இல் வெளிவந்த ஆய்வு நனவின் எல்லையை 0.31 என வைத்தது. நனவின் அடையாளம் சிறிதேனும் காட்டிய நோயாளர் 38 பேருள் 36 பேர் அவ்வெல்லையைத் தாண்டினர். எவ்வித அடையாளமும் காட்டாத 43 பேருள்ளும் 9 பேர் தாண்டினர்! அவர்கள் கட்டிலருகே நின்று, கேளாதார் முன் பேசுவதுபோல எதனையும் பேசலாமோ?

ஆன்மாவை அளக்கக் கருவி ஏது என்று கூறி இவ்வாராய்ச்சியைப் புறந்தள்ளுவார் நம்முள்ளும் உளர். அந்த ஒன்பதின்மரை நினைக்கும்போது அவரோடு நாம் உடன்படோம். ஆயின் 0.31 என்பது எங்கிருந்து வந்தது? தம் அநுபவத்தைத் தாமே கூறவல்ல 150 பேரிடமிருந்து வந்தது. கெற்றமீன் மயக்கத்திற் கனாக் கண்டதாக விழித்தபின் கூறியோரும் நனவுடையார் பக்கமே சேர்க்கப்பட்டனர். கருவிக்கு அளவு கற்பித்தது மனிதர் வாய்மொழியே. ஆதலின் பேசமாட்டாதவனுக்காக அவ்வெண் சாட்சி சொல்லலாம். அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லலாகாது. 38 பேருள் எஞ்சிய இருவர் எல்லைக்குக் கீழே நின்றவர்கள். எண் குறைந்ததென்ற ஒன்றையே கொண்டு அவர்களுக்குச் சிகிச்சையை நிறுத்த முற்படுவாராயின், அதனையும் நாம் ஒப்போம்.