டாகுக்குப் பசிக்குது!

போன மாசம் பொண்ணோட ப்ரீகேஜி டைரியில ஒரு குறிப்பு. குழந்தை ரெண்டு மொழியும் கலந்து பேசிக் குழம்புறாளாம், வீட்ல இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசணுமாம். நானும் தங்கமணியும் சமர்த்தா ஆரம்பிச்சுட்டோம். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. "கம், ஈட்"னு ரெண்டு நாள் சமாளிச்சுப் பாத்தாங்க. அப்புறம் பேத்திகிட்ட பேசறதையே நிறுத்திட்டாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சது.

குழப்பம் யாருக்குங்க? "டாகுக்குப் பசிக்குது"ன்றா என் பொண்ணு. வார்த்தை இங்கிலீஷ், இலக்கணம் சுத்தத் தமிழ். இங்கிலீஷ்ல நாய்தான் எழுவாய். தமிழ்ல நாய்க்கு 'கு' போடணும். மூணு வயசு வாண்டு, சரியான இடத்துல நாலாம் வேற்றுமையைக் கொண்டுபோய் ஒட்டுது. குழம்பினவ செய்யற வேலையா இது? பாட்டிகிட்ட 'தண்ணி', மிஸ்கிட்ட 'வாட்டர்'னு ஆள் பாத்துக் கேக்கவும் தெரியுது. "ட்ரை பண்றேன், கால் பண்ணுங்க"ன்னு நாள் பூரா கலக்கற நாமதான் அவளுக்கு வாத்தியார். நம்மளை யாரும் குழம்பிட்டோம்னு சொல்றதில்லையே!

இது ஒண்ணும் புதுக்கதையும் இல்ல. பிரெஞ்சுக்காரர் ழூல் ரோன்ழா, தன் பையன் லூயி அப்பாகிட்ட பிரெஞ்சும் ஜெர்மன்கார அம்மாகிட்ட ஜெர்மனும் பேசி வளர்ந்ததை 1913லயே புத்தகமாப் போட்டுட்டார். 1962ல மான்ட்ரியல்ல பீல், லாம்பர்ட்னு ரெண்டு பேர் பத்து வயசுப் பசங்களைச் சோதிச்சாங்க. பிரெஞ்சு, இங்கிலீஷ் ரெண்டும் நல்லாத் தெரிஞ்ச பசங்க ஒரு மொழிப் பசங்களுக்குச் சளைக்கல. பல சோதனைகள்ல முந்தியே இருந்தாங்க.

"ஆனா வார்த்தை கம்மியா இருக்கே?"ன்னு கேப்பாங்க. ஒரு மொழியை மட்டும் எண்ணினா கம்மியாத்தான் இருக்கும் சாமி. ரெண்டையும் சேர்த்து எண்ணுங்க. நெசமாவே பேச்சு தாமதமானா காது கேக்குதான்னு மொதல்ல டெஸ்ட் பண்ணுங்க, பேச்சுப் பயிற்சி நிபுணர்கிட்ட காட்டுங்க. தமிழை நிறுத்தறது அதுக்கு வைத்தியமே இல்ல.

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல, டிவியில, பக்கத்து ஃப்ளாட்லன்னு எப்படியும் வந்துடும். பாட்டியோட நரிக்கதை எங்கிருந்து வரும்?

நேத்து டைரியில பதில் எழுதிட்டேன்: "வீட்ல தமிழ்தான் பேசுவோம், மன்னிக்கணும்." மிஸ் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிருக்காங்க. அம்மா ராத்திரி நரிக்கதையை மறுபடி ஆரம்பிச்சாச்சு. "பாட்டி, ஃபாக்ஸுக்கு ஏன் கோவம்?"னு உள்ளேர்ந்து சத்தம் கேக்குது :-)