படத்தில் பார்த்ததெல்லாம் வேதத்தில் இல்லை

தவக்காலம் தொடங்கினால் தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் இயேசுவின் படங்கள் மறுபடி ஓடத் தொடங்கும். தொலைக்காட்சியில் வராவிட்டால் யூடியூபில் தமிழ்க் குரலோடு கிடைக்கும். பார்த்து எழும்புகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "வேதத்தில இருக்கிறதை அப்பிடியே எடுத்திருக்கிறாங்கள்." மெல் கிப்சனின் 'த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' 2004இல் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. நான்கும் நிற்காது.

முதல் காரணம்: வேதத்தில் இல்லாத எதையும் படத்தில் சேர்க்கவில்லை.

கிப்சனின் படத்தில் பிலாத்துவின் மனைவி மடித்த வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து மரியாளிடம் கொடுக்கிறாள். சாட்டையடி முடிந்ததும் மரியாளும் மதலேன் மரியாளும் முழந்தாளிட்டு, கல்தரையில் சிந்திய இரத்தத்தை அந்தத் துணிகளால் துடைத்தெடுக்கிறார்கள். மனதைப் பிசையும் காட்சிதான். நான்கு நற்செய்திகளையும் புரட்டினாலும் அது அகப்படாது. பிலாத்துவின் மனைவி வருவது மத்தேயுவில் ஒரே ஒரு வசனத்தில். தான் கண்ட கனவைச் சொல்லிக் கணவனுக்கு ஆள் அனுப்புவதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. துணிக் காட்சி எடுக்கப்பட்ட இடம் வேறு: ஜெர்மானியக் கன்னியாஸ்திரி ஆன் கத்தரீன் எமெரிக் கண்ட தரிசனங்கள் என்று கவிஞர் கிளெமென்ஸ் பிரென்டானோ 1833இல் வெளியிட்ட நூல். சாட்டையடியை மத்தேயுவும் மாற்கும் யோவானும் ஒரே வரியில் கடந்து போகிறார்கள். லூக்காவின் 23ஆம் அதிகாரத்தில், தண்டித்து விட்டுவிடுகிறேன் என்று பிலாத்து சொல்கிறான். அடித்ததாக அங்கே எழுதப்படவில்லை. படத்திலோ அது நிமிடக்கணக்கில் நீள்கிறது.

மதலேன் மரியாளுக்கும் இதே கதிதான். விபசாரத்தில் பிடிபட்டவளாக யோவான் நற்செய்தியில் வரும் பெயரில்லாத பெண் இவள்தான் என்று படம் காட்டிவிடுகிறது. நற்செய்தியாளர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. லூக்காவில் வரும் பாவியான பெண்ணோடு இவளை ஒன்றாக்கியது பாப்பரசர் முதலாம் கிரகோரி 591இல் ஆற்றிய மறையுரை. திருச்சபை அதைவிட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. 2016இல் அவளுடைய நினைவுநாளைத் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக வத்திக்கான் உயர்த்தியது.

இரண்டாவது: அந்தக் காலத்து மொழியிலேயே பேசுகிறார்கள், அதனால் அதுவே உண்மை.

இயேசு அரமேயம் பேசியிருப்பார் என்பதில் தகராறு இல்லை. ஆனால் படத்தில் பிலாத்துவும் அவரும் லத்தீனிலும் உரையாடுகிறார்கள். ரோமரின் கிழக்கு மாகாணங்களில் ஆட்சியாளரும் வணிகரும் பொதுவாகப் புழங்கிய மொழி கிரேக்கம். புதிய ஏற்பாடு எழுதப்பட்டதும் கிரேக்கத்தில். சிலுவையின் மேல் வைத்த பலகையில் எபிரேயம், லத்தீன், கிரேக்கம் மூன்றும் இருந்ததாக யோவான் சொல்கிறார். கிப்சன் படத்தில் கிரேக்கம் பேச ஒரு ஆள் கிடையாது.

மூன்றாவது: திருச்சபை தோன்றிய வரலாற்றையும் இந்தப் படங்களிலேயே தெரிந்துகொள்ளலாம்.

'த ரோப்' (1953) படத்துக்கு மூலம் லாயிட் டக்ளஸ் 1942இல் எழுதிய நாவல். 'குவோ வாடிஸ்' (1951) போலந்து எழுத்தாளர் சியன்கியேவிச்சின் நாவல். அந்தப் படத்தில் பேதுரு தலைகீழாகச் சிலுவையில் அறையப்படுகிறார். வேதத்தில் படித்தது என்றே பலர் அதை நினைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தி வருவது வேதத்தில் சேர்க்கப்படாத 'பேதுருவின் பணிகள்' என்ற பழைய நூலில். திருத்தூதர் பணிகள் நூலோ, பவுல் ரோமில் வாடகை வீட்டில் இரண்டு ஆண்டு தங்கிப் போதித்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. பேதுருவின் மரணமும் அதில் இல்லை, பவுலின் மரணமும் இல்லை.

நான்காவது: பக்திப் படம்தானே, யாருக்கு என்ன கெடுதல்?

கெடுதல் பிலாத்துவிடமிருந்து தொடங்குகிறது. பல படங்களில் அவன் மனம் நொந்த நல்லவன். பழி முழுவதும் யூதக் கூட்டத்தின் மேல் விழும். லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இதே பிலாத்து, பலி செலுத்த வந்த கலிலேயரைக் கொன்று அவர்கள் இரத்தத்தைப் பலிகளோடு கலந்தவன். இயேசுவின் சாவுக்கு யூதர் எல்லோரையும் குற்றஞ்சாட்டக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே அறிவித்துவிட்டது. இரத்தப்பழி எங்கள் மேல் வரட்டும் என்று கூட்டம் கத்தும் மத்தேயு வசனத்துக்குக் கிப்சன் துணைத்தலைப்பை நீக்கினார். அரமேய ஒலியை விட்டுவைத்தார்.

இப்படிப் பழி போடுவதன் விளைவை இங்கேயும் கண்டோம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்தது. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில், அந்தக் குண்டுவெடிப்போடு ஒரு தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சிலர் செய்ததை ஒரு சமூகத்தின் தலையில் கட்டினால் என்ன நடக்கும் என்று கொழும்புக் கிறிஸ்தவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இதற்காகப் படங்களை ஒதுக்கவேண்டும் என்பதில்லை. மன்னாரில் காலங்காலமாக ஆடப்பட்ட 'மூவிராசாக்கள் நாடக'த்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் பதிப்பித்தார். மத்தேயுவில் வருகிறவர்கள் ஞானிகள்; எத்தனை பேர் என்ற கணக்கும் இல்லை, அரசர் என்ற பட்டமும் இல்லை. இருந்தும் அந்த நாடகத்தை யாரும் பொய் என்று தள்ளவில்லை, வேதம் என்றும் மயங்கவில்லை. கூத்தைக் கூத்தாகவே பார்த்தார்கள். 'பாசமலர்' எடுத்த பீம்சிங் தெலுங்கில் இயேசுவின் கதையை, 1978இல் வெளிவந்த 'கருணாமயுடு'வாக எடுத்தபோது செய்ததும் அந்த மரபில் ஒரு வேலைதான். ஹாலிவுட் படத்துக்கும் அதே கண்ணாடி பொருந்தும்.

பங்கில் படம் போடுகிறவர்கள் 1979இல் வந்த 'ஜீசஸ்' படத்திலிருந்து தொடங்கலாம். அது பெரும்பாலும் லூக்கா நற்செய்தியை மட்டும் பின்பற்றியது, தமிழிலும் கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்ப்பதும் சுலபம். படம் முடிந்து விளக்குப் போட்டதும் லூக்கா 22, 23ஆம் அதிகாரங்களைப் பிள்ளைகளே உரக்க வாசிக்கட்டும். எது படத்தில் மட்டும் இருந்தது, எது நற்செய்தியில் மட்டும் இருக்கிறது என்று அவர்களே பட்டியல் போடுவார்கள்.