"இப்ப என்ன விலை போகும்?"

பழைய வெள்ளி நாணயம் சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கட சனம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். 1794ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டொலர் ஒன்று 2013இல் ஒரு கோடி டொலருக்கு மேல் ஏலம் போன கதையை ஆராவது சொல்லியிருப்பார்கள். பிறகு என்னைப் புதையல் காக்கிற பூதம் மாதிரித்தான் பார்ப்பார்கள்.

நான் சேர்ப்பது அந்த டொலரை அல்ல. 1807 முதல் 1836 வரை பிலடெல்பியா நாணயசாலையில் அடித்த அரை டொலர்களை. தேய்ந்துபோன ஒன்றை என்னைப்போல உணவகத்தில் வேலை செய்கிறவனும் வாங்கலாம்.

அந்தக் காலத்து அச்சுகளில் பாதி கைவேலை. பெண்ணின் தலையும் கழுகும் ஒரு மூல அச்சிலிருந்து பதியும். நட்சத்திரங்களையும் ஆண்டு எண்ணையும் தொழிலாளி ஒவ்வொன்றாகக் கையால் குத்துவார். அதனால் ஒரே ஆண்டிலும் ஒரு அச்சைப்போல இன்னொன்று இராது. 1807இல் ஒருவர் 50 சதத்துக்கு 20 என்று குத்திவிட்டு, அதற்கு மேலேயே 50 போட்டுச் சமாளித்திருக்கிறார். பழைய அச்சை வீச மனமில்லாமல் ஆண்டை மாற்றியதும் உண்டு. 1817இன் சில நாணயங்களில் 7க்குக் கீழே 3 தெரியும். 7க்குக் கீழே 4 தெரிகிறவை இதுவரை பத்துப் பன்னிரண்டுதான் கிடைத்திருக்கின்றன.

ஆல் ஓவர்டன் என்பவர் 1967இல் இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் எண் கொடுத்து நூலாக்கினார். 1794 முதல் 1836 வரையான அரை டொலர்களில் மட்டும் 450க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

அதனால்தான் சொல்கிறேன், ஆண்டையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து வாங்குவது காசைப் பூட்டிவைக்கிற வேலை. அச்சைப் பார்த்துச் சேர்ப்பதுதான் படிப்பு. கடைக்காரர் வெறும் '1817' என்று எழுதி வைத்த நாணயத்தில் எந்த நட்சத்திரம் எங்கே சரிந்திருக்கிறது, அச்சு வெடித்த கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. பொறுமையும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். பணக்காரனை ஏழை வெல்லக்கூடிய பொழுதுபோக்குகள் உலகத்தில் அதிகமில்லை. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்த எனக்கு, இரவு வேலை முடிந்து வந்து படிக்க இது ஒரு பாடமாகக் கிடைத்திருக்கிறது.

ஒரேயொரு வேண்டுகோள். உங்களிடம் பழைய வெள்ளி நாணயம் இருந்தால் தேசிக்காயோ பற்பசையோ போட்டு மினுக்காதீர்கள். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, அதன் வயது. தேய்த்தால் விலையும் போகும், அந்தத் தொழிலாளியின் கைத்தடமும் போகும்.