கையால் வெட்டும் பேக்கிங் கௌரவக் குறைச்சலா?
(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

நம் பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் கேஸ்கட். பட்டறையில் பேக்கிங். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து எண்ணெயும் தண்ணீரும் கசியாமல் தடுப்பது. பரீட்சைக்கு இவ்வளவு போதும், இரண்டு மார்க்! ஆனால் அதைக் கையால் வெட்டத் தெரிந்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர்? "அதெல்லாம் ரோட்டோரக் கடை வேலைப்பா" என்று நம்மவர்களே சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஆயில் இன்ஜின் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு சரி. நாற்று காய்கிற நேரத்தில் 5 குதிரைத்திறன் பம்புசெட் ஒழுகி நின்றால், டவுனில் கடை திறக்கும்வரை பயிர் காத்திருக்குமா? பழைய மாடல் என்றால் ஒற்றை பேக்கிங் கிடைக்காது, முழு செட்டாக வாங்கச் சொல்வார்கள்.

அப்பா ஷீட்டை எடுப்பார். பரப்பில் லேசாக கிரீஸ் தடவி ஷீட்டை வைத்து அழுத்தினால் அச்சு விழுந்துவிடும். போல்ட் ஓட்டையின் மேல் பழைய பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு, வட்டமாக ஓட்டை! முதலில் இரண்டு ஓட்டை போட்டு போல்ட்டை மாட்டிவிட்டால் ஷீட் நகராது. அப்புறம்தான் ஓரம். வார்ப்பிரும்பு என்றால் உருண்டைத்தலை சுத்தியலால் ஓரத்திலேயே மெல்லத் தட்டலாம். அலுமினியத்தில் கூடாது, ஓரம் நசுங்கும், கத்திரிதான். எண்ணெய் போகும் சின்ன ஓட்டையை மறந்தால் இன்ஜின் ஜாம். விரலால் தடவியே இது அரை மில்லி, இது ஒரு மில்லி என்பார். நமக்கு வெர்னியர் வேண்டும்!

அதற்காகக் கையால் வெட்டுவது எல்லாவற்றுக்கும் சரி என்று நான் வாதாடவில்லை. டாப்பெட் கவருக்கு கார்க், கார்புரேட்டருக்கு ஆயில் பேப்பர், தண்ணீர் பம்புக்கு ஷீட், தாராளமாக வெட்டலாம். ஹெட் பேக்கிங் வேறு சங்கதி. வெடிக்கும் வாயுவின் அழுத்தத்தைச் சாதாரண ஷீட் தாங்காது, கம்பெனி பேக்கிங்தான் போடணும். சிலிண்டருக்கு அடியில் போடுவதில் தடிமன் கூடினால் கம்ப்ரஷன் குறைந்து, காலையில் ஹேண்டில் சுற்றியே கை ஓய்ந்துவிடும். ஃப்யூல் பம்புக்கு அடியில் கூடினால் டீசல் தாமதமாகப் பாயும். ஏன் என்ற இந்தக் கணக்குதான் நம் படிப்பு பட்டறைக்குத் தரக்கூடியது.

இன்னொன்றும் தரணும். பழைய பேக்கிங் ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் வெளியே தெரிய 20, 30 வருஷம்கூட ஆகலாம். ஒட்டிக் காய்ந்ததை உலர்ந்தபடியே சுரண்டி, தூசியை வாயால் ஊதுவதுதான் பட்டறை வழக்கம். நான் சொன்ன பிறகு அப்பா நனைத்துச் சுரண்டுகிறார். ஊதுவதை மட்டும் இன்னும் விடவில்லை, சண்டை நடக்கிறது! ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட் கடையில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான், இருந்தும் அதைத்தான் கேட்டு வாங்கணும்.

மாணவர் சங்கத்திடம் என் கோரிக்கை ஒன்றே. நம் ஒர்க்ஷாப் மூலையில் தூசி படிந்து கிடக்கும் இன்ஜினைத் திறந்து, ஆளுக்கொரு பேக்கிங் வெட்டிப் பார்க்க செமஸ்டருக்கு ஒரு மதியம் ஒதுக்கச் சொல்லி முதல்வரிடம் கேளுங்கள். சொல்லித்தர யார் என்று கேட்டால், ஊரில் ஒரு ஐந்தாம் வகுப்பு வாத்தியார் இருக்கிறார். பஸ் காசு கொடுத்தால் போதும், நானே கூட்டி வருகிறேன்.