பச்சை பியூஸ் போடுவதற்கு முன்

திருக்கடையூருக்கு முகூர்த்த மாதம் என்று தனியாக ஒன்று கிடையாது. நட்சத்திரம் கூடி வந்தால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வருடம் முழுக்க வேன்கள் வந்துகொண்டே இருக்கும். காலையில் ஹோமத்துக்கு உட்கார வேண்டும் என்பதால் பல வண்டிகள் இரவிலேயே கிளம்பிவிடும். ஹெட்லைட், ஏசி, பாட்டு, கலர் விளக்கு எல்லாம் ஒன்றாக ஓடும். கம்பெனி வயரிங்கோடு மட்டும் ஓடுகிற டூரிஸ்ட் வேனைக் காண்பது அரிது. மேற்கொண்டு இழுத்த லைனெல்லாம் நம் கைவேலைதான்.

அதில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. 10 ஆம்பியர் சிவப்பு போனால் 15 நீலம், அதுவும் போனால் 20 மஞ்சள், கடைசியில் 30 பச்சை. பச்சை போகாது, ஒயர் போகும். பியூஸ் இருப்பது தனக்குப் பின்னால் ஓடும் ஒயரைக் காப்பதற்கு. 1 சதுர மி.மீ. ஒயருக்கு 10, ஒன்றரைக்கு 15, இரண்டரைக்கு 20 என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. தொடர்ந்து ஓடும் லோடு பியூஸ் அளவில் முக்கால் பங்குக்குள் இருக்கட்டும். 55 வாட் லோ பீம் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 9.2 ஆம்பியர் இழுக்கும். அதை ஒரே 10 ஆம்பியரில் தொங்கவிட்டால் பியூஸ் சூட்டிலேயே கிடந்து ஒருநாள் நடுவழியில் போகும். இடது வலது விளக்குகளைப் பிரித்து இரண்டு பியூஸ் வையுங்கள். ஒன்று போனாலும் வண்டி ஊர் போய்ச் சேரும்.

அளவைத் தாண்டிய நொடியே பியூஸ் அறுந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல பிளேடு பியூஸ் தன் அளவுக்குப் பத்து சதவீதம் கூடுதலை 100 மணி நேரம் தாங்க வேண்டும் என்பதே விதி. இரு மடங்கு ஓடினாலும் அறுக்க 5 நொடிவரை எடுத்துக்கொள்ளலாம். டெல்டாவில் அறுவடை முடிந்ததும் வயல் எலி ஷெட்டுக்குள் வரும், பானெட்டுக்குள் ஏறி ஒயரைக் கடிக்கும். கடிபட்ட ஒயர் பாடியில் உரசி 25 ஆம்பியர் இழுத்தாலும் பச்சை பியூஸ் சளைக்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். எமனை உதைத்த தலத்துக்குப் போகும் வண்டி என்பதால் உறை உருகாமல் இருந்துவிடாது.

ரிலேயில் 85, 86 காயில். 30 வரவு, 87 செலவு. காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான் என்பதால் டேஷ்போர்டு சுவிட்ச் பிழைக்கிறது. ஆனால் மூடியில் 40 என்று போட்டிருப்பதை மோட்டாருக்கும் பல்புக்கும் அப்படியே நம்பக்கூடாது. இரண்டுமே கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். மலிவான ரிலேயில் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் ரேடியேட்டர் ஃபேன் நிற்காது, விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். 24 வோல்ட் பஸ்ஸுக்கு 24 வோல்ட் ரிலேயே வேண்டும். அதன் பாயின்ட் தாங்குவதும் 12 வோல்ட் ரிலேயைவிடக் குறைவு. உள்ளே டயோடு உள்ள ரிலேயில் 86-க்குத்தான் பிளஸ். மாற்றிக் கொடுத்தால் டயோடு வழியே ஷார்ட் ஆகி பியூஸ் போகும். அப்போதும் ரிலேயைப் பார்க்காமல் பெரிய பியூஸைத் தேடுகிறோம்.

கடலோர வண்டிக்கு உப்புக்காற்றும் ஒரு எதிரி. பியூஸ் நன்றாக இருந்து பாக்ஸ் மட்டும் உருகியிருந்தால், பெரும்பாலும் பச்சை பூத்துத் தளர்ந்த சாக்கெட் பின்தான் காரணம். சாக்கெட்டை மாற்றுங்கள், ரிலேயை அதன் பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து நேராக எடுக்கும் லைனுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வேண்டும்.

புதிதாக லைன் இழுத்தால் ஒயர் அளவையும் பியூஸ் அளவையும் பாக்ஸ் மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் வேறு ஊர் எலக்ட்ரீஷியனாக இருப்பார்.